விலங்கை வதைத்த விளையாட்டு வீரருக்கு இன்னொரு வாய்ப்பு: யார் கொடுப்பது, எதைக் கொடுப்பது?

ஒரு விளையாட்டு வீரர் நாயையோ பூனையையோ வதைத்தார் என்று செய்தி வந்தால் போதும், உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். "அதான் தண்டனை அனுபவிச்சிட்டாரே, அப்புறம் என்ன? மனுஷன் திருந்தவே மாட்டானா?" என்று ஒரு பக்கம் கேட்கும். "வாயில்லா ஜீவனைக் கொன்னவனுக்கு மைதானத்துல என்ன வேலை?" என்று மறுபக்கம் கொதிக்கும். இரண்டு தரப்பின் கோபமும் உண்மையானதுதான். ஆனால் கொஞ்ச நேரம் கவனித்துக் கேட்டால், ஒருவர் பிழைப்பைப் பற்றிப் பேசுவார், இன்னொருவர் மன்னிப்பைப் பற்றிப் பேசுவார். கேள்விகளே வேறு என்பதால் விவாதம் எங்கேயும் போய்ச் சேராது.

'இன்னொரு வாய்ப்பு' என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் பல தனித்தனி முடிவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் எடுப்பது வேறு வேறு ஆட்கள். அவற்றைப் பிரித்துப் பார்க்க 'அமெரிக்கக் கால்பந்து' வீரர் மைக்கேல் விக்கின் வழக்கை எடுத்துக்கொள்கிறேன். (இது நாம் பார்க்கும் கால்பந்து அல்ல; பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடுவது.) நடந்தவை பெரும்பாலும் நீதிமன்ற ஆவணங்களில் பதிவாகியிருப்பதால், வதந்தியை நம்பிப் பேச வேண்டியதில்லை.

## முதலில் ஒரு பள்ளி வேன் ஓட்டுநர்

ஒருவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். ஒருநாள் குடித்துவிட்டு ஓட்டி, ஒரு பிள்ளையின் காலை முறித்துவிடுகிறார். வழக்கு நடக்கிறது, ஜெயிலுக்குப் போகிறார், தண்டனை முடிந்து வெளியே வருகிறார். இப்போது அவருக்கு இன்னொரு வாய்ப்பு கொடுக்கலாமா?

நீதிமன்றத்தைக் கேட்டால், தண்டனை முடிந்தது, அவர் சுதந்திர மனிதர் என்று சொல்லும். உரிமத்தைத் திருப்பித் தருவதா என்பதை ஆர்.டி.ஓ. ஆபீஸ் முடிவு செய்யும். வேலைக்கு வைத்துக்கொள்வதா என்பது பள்ளி நிர்வாகத்தின் பாடு. தங்கள் பிள்ளையை அந்த வேனில் ஏற்றுவதா என்பது பெற்றோரின் முடிவு. மன்னிப்பது என்பது கால் முறிந்த பிள்ளையும் அதன் வீட்டாரும் மட்டுமே தரக்கூடியது. வேறு யாரும் அவர்கள் சார்பில் அதைத் தர முடியாது.

இந்த ஐந்து பேரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அவர் ஒரு ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்துப் பிழைப்பதை நியாயமான யாரும் தடுக்க மாட்டார்கள். அதற்காக, "தண்டனைதான் முடிந்துவிட்டதே, உங்கள் பிள்ளையை அவர் வேனிலேயே அனுப்புங்கள்" என்று எந்தத் தாயையும் யாரும் வற்புறுத்தவும் மாட்டார்கள். பிழைக்க உரிமை உண்டு. அதே ஸ்டீயரிங்கைப் பிடிக்க உரிமை உண்டா என்பது தனிக் கேள்வி.

வேன் ஓட்டுநர் விஷயத்தில் நமக்குச் சட்டென்று புரிகிற இந்த வித்தியாசம், நட்சத்திர வீரர் என்று வந்ததும் ஏனோ குழம்பிப்போகிறது.

## மூன்லைட் சாலையில் என்ன நடந்தது

மைக்கேல் விக் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நியூபோர்ட் நியூஸ் என்ற ஊரில் பிறந்தவர். குவார்ட்டர்பேக், அதாவது அணியின் ஒவ்வொரு நகர்வையும் தொடங்கிவைத்துப் பந்தை எறிபவர். அந்த விளையாட்டில் அதிகச் சம்பளமும் அதிகப் புகழும் இந்த இடத்துக்குத்தான். 2001இல் அமெரிக்கத் தேசிய கால்பந்து லீக்கில் அந்த ஆண்டின் புதிய வீரர்களில் முதல் ஆளாக அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. 2004 டிசம்பரில் 10 ஆண்டுக்கு 13 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். 2006 சீசனில் 1,039 கஜம் ஓடி, ஒரே சீசனில் ஆயிரம் கஜத்தைத் தாண்டி ஓடிய முதல் குவார்ட்டர்பேக் ஆனார். பிள்ளைகள் அவர் பெயர் போட்ட சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு திரிந்த காலம் அது.

அதே 2001இல்தான் வர்ஜீனியாவின் சரி கவுண்டியில், மூன்லைட் சாலையில், ஒரு நிலத்தை வாங்கியிருந்தார். முன்னால் ஒரு வெள்ளை வீடு. பின்னால் மரங்களுக்கு நடுவில் கறுப்பு வண்ணம் அடித்த கொட்டகைகள். 2007 ஏப்ரல் 25 அன்று, அவருடைய உறவினர் ஒருவர் மீதான போதைப்பொருள் விசாரணைக்காகப் போலீஸ் அங்கே சோதனை போட்டது. நாய்களைத் தேடி வரவில்லை. ஆனால் அவர்கள் கண்டது ஐம்பதுக்கும் மேற்பட்ட பிட்புல் நாய்களை.

பல நாய்கள் மண்ணில் புதைத்த கார் அச்சுகளில் கனமான சங்கிலியால் கட்டப்பட்டிருந்தன. கார் அச்சு எதற்கு என்றால், அது சுழலும். நாய் எவ்வளவு சுற்றினாலும் சங்கிலி சிக்கிக்கொள்ளாது. பக்கத்து நாயை நாள் முழுக்கப் பார்க்க முடியும், நெருங்க முடியாது. நாய்களை ஓடவிடும் டிரெட்மில் இருந்தது. சண்டையில் கவ்விய தாடையை நெம்பிப் பிரிக்கும் குச்சி இருந்தது. ரத்தக் கறை இருந்தது. பின்னர் தோண்டியபோது மண்ணுக்கடியில் நாய்களின் உடல்களும் கிடைத்தன.

நாய்ச் சண்டை என்பது இரண்டு நாய்கள் தற்செயலாகக் கடித்துக்கொள்வது அல்ல. பந்தயப் பணம் கட்டி, இரண்டு நாய்களை ஒரு தடுப்புக்குள் விட்டு, ஒன்று ஒடுங்கும்வரை அல்லது சாகும்வரை மோதவிடுவது. இந்தத் தொழிலில், சண்டை போட மறுக்கும் நாய்க்கு மதிப்பே இல்லை. ஆகவே இளம் நாய்களை முதலில் ஒன்றோடொன்று மோதவிட்டுச் 'சோதித்து'ப் பார்ப்பார்கள். தேறாதவற்றை ஒழித்துக்கட்டுவார்கள். விக் நீதிமன்றத்தில் கையெழுத்திட்ட அறிக்கையின்படி, 2007 ஏப்ரலில் அப்படித் தேறாத ஆறு முதல் எட்டு நாய்கள் தூக்கிலிடப்பட்டும் நீரில் அமிழ்த்தப்பட்டும் கொல்லப்பட்டன. அவரும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் சேர்ந்து செய்ததன் விளைவுதான் அந்தச் சாவுகள் என்று அதில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "ஒரு தப்பு பண்ணிட்டார்" என்று சொல்லும்போது ஏதோ ஒருநாள் கோபத்தில் கை நீண்டுவிட்டது போல நமக்குத் தோன்றிவிடும். இது ஆறு ஆண்டுகள், பெயர் வைத்து, பணம் போட்டு, ஆள் வைத்து நடத்திய தொழில். இன்னொரு வாய்ப்பைப் பற்றிப் பேசுகிறவர் முதலில் எதற்கு வாய்ப்பு கேட்கிறோம் என்பதைக் கண் திறந்து பார்க்க வேண்டும்.

## நீதிமன்றம் கொடுத்தது என்ன

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று: விக் 'விலங்கு வதை' என்ற குற்றத்துக்காக ஜெயிலுக்குப் போகவில்லை.

அவர் மீது 2007 ஜூலையில் மத்திய அரசு போட்ட வழக்கு கூட்டுச் சதி வழக்கு. கூட்டுச் சதி என்றால், ஒரு குற்றத்தைச் செய்யப் பலர் சேர்ந்து திட்டமிட்டு இறங்குவது. மாநில எல்லை தாண்டி நாய்ச் சண்டைச் சூதாட்டம் நடத்தச் சேர்ந்து திட்டமிட்டார்கள் என்பதே குற்றச்சாட்டு. ஆகஸ்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். டிசம்பர் 10 அன்று நீதிபதி ஹென்றி ஹட்சன் 23 மாதச் சிறைத் தண்டனை விதித்தார். மாநில நீதிமன்றத்தில் தனியாக ஒரு வழக்கு நடந்தது. 2008 நவம்பரில் அங்கே நாய்ச் சண்டைக் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நிறுத்திவைக்கப்பட்ட 3 ஆண்டுத் தண்டனை பெற்றார். நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை என்றால், நன்னடத்தையோடு இருந்தால் ஜெயிலுக்குப் போக வேண்டாம், மீறினால் போக வேண்டும். நாய்களைக் கொன்றதற்கான குற்றச்சாட்டு அங்கே கைவிடப்பட்டது.

இதெல்லாம் வெறும் சட்ட நுணுக்கமா என்று கேட்கலாம். இல்லை. "சட்டப்படி கடனைத் தீர்த்துவிட்டார்" என்று ஒருவர் வாதிடும்போது, எந்தக் கடன் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. சூதாட்டச் சதிக்கான கணக்கு தீர்ந்தது. தூக்கில் தொங்கிய நாய்களுக்கென்று தனியாக ஒரு கணக்கு எழுதப்படவே இல்லை.

23 மாதம் என்பதிலும் ஒரு செய்தி இருக்கிறது. கூட்டாளிகளில் இருவருக்கு 18, 21 மாதம்தான் கிடைத்தது. விக்குக்குக் கூடுதலாகக் கிடைத்ததற்கு, அவர் பணம் போட்டு நடத்தியவர் என்பதோடு, முழு உண்மையைச் சொல்லவில்லை என்பதும் காரணம். நாய்களைக் கொன்றதில் தன் பங்கு பற்றி அவர் விசாரணை அதிகாரிகளிடம் சொன்னது உண்மைகாண் சோதனையில் தேறவில்லை. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே கஞ்சா பரிசோதனையிலும் சிக்கினார். அவர் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டதாகத் தனக்குத் தோன்றவில்லை என்று நீதிபதி வெளிப்படையாகவே சொன்னார்.

சிறையோடு இன்னும் இரண்டு விஷயங்கள் வந்தன. ஒன்று இழப்பீடு: குற்றத்தால் ஏற்பட்ட சேதத்தைச் சரிசெய்யக் குற்றவாளியே பணம் கட்டுவது. பிடிபட்ட நாய்களின் பராமரிப்புக்காக விக் 9,28,073 டாலர் கட்டினார். இன்னொன்று மேற்பார்வைக் காலம்: சிறையிலிருந்து வந்த பிறகும் குறிப்பிட்ட ஆண்டுகள் அதிகாரிகளின் கண்காணிப்பில், விதித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு வாழ்வது. அது மூன்று ஆண்டு. அந்தக் காலத்தில் அவர் நாய் வளர்க்கக் கூடாது.

சுருக்கமாக: நீதிமன்றம் தீர்மானித்தது சிறை, பணம், தடை ஆகிய மூன்றை மட்டும். அவர் திரும்பவும் கால்பந்து ஆடலாமா என்று நீதிபதியிடம் யாரும் கேட்கவில்லை. அது அவர் வேலையும் இல்லை.

## லீக்கின் அனுமதி என்பது வேறு கணக்கு

தொழில்முறை லீக் ஒரு தனியார் அமைப்பு. தனக்கென்று நடத்தை விதிகள் வைத்திருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டதும் லீக்கின் தலைவர் ராஜர் குட்டெல் விக்கைக் காலவரையறை இல்லாமல், சம்பளம் இல்லாமல் இடைநீக்கம் செய்தார். 2008இல் விக் திவால் மனு கொடுத்தார். 2009 ஜூலையில் தண்டனை முடிந்த சில நாட்களிலேயே, 27ஆம் தேதி, நிபந்தனையுடன் மறு அனுமதி கிடைத்தது. அதாவது, ஒரேயடியாகச் சேர்த்துக்கொள்ளாமல், முதலில் பயிற்சிக்கு வரலாம், சீசனுக்கு முந்தைய ஆட்டங்கள் சிலவற்றில் ஆடலாம், நடத்தையைப் பார்த்து மிச்சத்தை முடிவு செய்வோம் என்ற ஏற்பாடு. அனுபவமுள்ள முன்னாள் பயிற்சியாளர் டோனி டஞ்சி அவருக்கு வழிகாட்டியாக இருக்க ஒப்புக்கொண்டார்.

இங்கே ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. "ஆட விடாவிட்டால் அவர் வாழும் உரிமையைப் பறிப்பது போல" என்பார்கள். வேலை செய்து பிழைக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. ஆனால் கோடிக்கணக்கான பேர் பார்க்கும் அந்தக் குறிப்பிட்ட லீக்கில், அந்தக் குறிப்பிட்ட இடத்தில் ஆடுவது யாருடைய உரிமையும் இல்லை. காயம் பட்டாலோ ஃபார்ம் போனாலோ அணி ஒருவரை மறுநாளே அனுப்பிவிடுகிறது, யாரும் உரிமை மீறல் என்று கத்துவதில்லை. ஆகவே லீக் அனுமதித்தால் அது ஒரு சலுகை. சலுகைக்கு நிபந்தனை போடுவது முழுக்க நியாயம்.

அதே ஆண்டில் நடந்த இன்னொரு வழக்கை அமெரிக்கர்கள் இதோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். டான்டே ஸ்டால்வொர்த் என்ற வீரர் 2009இல் மயாமியில் குடித்துவிட்டுக் கார் ஓட்டி, சாலையைக் கடந்த ஒருவரைக் கொன்றார். குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 30 நாள் சிறை, பிறகு வீட்டுக்காவல், ஆயுளுக்கும் ஓட்டுநர் உரிமம் ரத்து. லீக் ஒரு சீசன் முழுக்க இடைநீக்கம் செய்தது. 2010இல் திரும்ப ஆடினார். "மனிதனைக் கொன்றவனுக்கு 30 நாள், நாயைக் கொன்றவனுக்கு 23 மாதமா?" என்று பலர் கேட்டார்கள். விக் கறுப்பினத்தவர் என்பதால்தான் இவ்வளவு ஆத்திரம் என்றும் ஒரு குரல் எழுந்தது. ஸ்டால்வொர்த்தும் கறுப்பினத்தவர்தான் என்றாலும், கறுப்பின ஆண்களை அமெரிக்கச் சிறைகள் எப்படி விழுங்குகின்றன என்று தெரிந்தவர்கள் அந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ள முடியாது.

என் பார்வையில், அந்த ஒப்பீடு காட்டுவது 30 நாள் என்பது கொடுமையான அளவுக்குக் குறைவு என்பதைத்தான். 23 மாதம் அதிகம் என்பதை அது காட்டவில்லை. அதில் இன்னொன்றையும் பார்க்கலாம்: ஸ்டால்வொர்த்திடமிருந்து காரைப் பிடுங்கினார்கள், பந்தைப் பிடுங்கவில்லை. எதை வைத்துத் தீங்கு செய்தாரோ அதிலிருந்து விலக்கிவைத்தார்கள். வேன் ஓட்டுநருக்கு ஸ்டீயரிங் எப்படியோ, விலங்கை வதைத்தவருக்கு விலங்கு அப்படி.

## வேலை ஒன்று, மாலை மரியாதை இன்னொன்று

லீக் அனுமதித்தாலும், ஓர் அணி முன்வர வேண்டுமே. ஃபால்கன்ஸ் அவரைக் கைகழுவியிருந்தது. 2009 ஆகஸ்டில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் எடுத்துக்கொண்டது. செப்டம்பர் 27 அன்று, இரண்டு சீசன் இடைவெளிக்குப் பிறகு, முதல் அதிகாரபூர்வ ஆட்டம் ஆடினார்.

இதுவரை எனக்கு ஆட்சேபம் இல்லை. சிறை முடிந்தது, பணம் கட்டினார், தடைக்கு உட்பட்டிருந்தார், ஒரு முதலாளி வேலை கொடுத்தார். சரி.

ஆனால் அந்த ஆண்டு டிசம்பரிலேயே, 'எட் பிளாக் துணிவு விருது'க்கு ஈகிள்ஸ் வீரர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வோர் அணியிலும் சக வீரர்களே வாக்களித்துத் தரும் விருது அது. துணிவுக்கான விருது! அங்கேதான் இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலக்கப்பட்டன. ஜெயிலிலிருந்து வந்து வேலைக்குத் திரும்புவது கடினம்தான், மறுக்கவில்லை. ஆனால் தானே ஏற்படுத்திக்கொண்ட சரிவிலிருந்து எழுந்ததைத் துணிவு என்று மாலை போடும்போது, அந்தக் கொட்டகைகளில் இருந்த நாய்கள் கதையிலிருந்தே காணாமல் போய்விடுகின்றன. அவருடைய துன்பம் மட்டுமே கதையாகிவிடுகிறது.

2010 சீசனில் அற்புதமாக ஆடி, 'மீண்டு வந்த சிறந்த வீரர்' என்ற விருதும் வாங்கினார். 2011இல் 6 ஆண்டுக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தம். அதிபர் ஒபாமாவே ஈகிள்ஸ் உரிமையாளரை அழைத்து, சிறையிலிருந்து வந்தவருக்கு வாய்ப்பு கொடுத்ததைப் பாராட்டினார். மறு எல்லையில், விக்குக்கு மரண தண்டனையே கொடுத்திருக்க வேண்டும் என்று ஒரு தொலைக்காட்சித் தொகுப்பாளர் பேசினார். சிறையிலிருந்து வருகிற சாதாரண ஆட்களுக்கு யாரும் வேலை கொடுப்பதில்லை என்ற ஒபாமாவின் கவலை நியாயமானது. ஆனால் விக்கை வைத்து அதைச் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவருக்குக் கதவு திறந்ததற்குப் பெரிய காரணம் அவர் வேகமாக ஓடக்கூடியவர் என்பது. 23 மாதம் சிறையிலிருந்து வரும் ஒரு வெல்டருக்கு அந்த அதிர்ஷ்டம் கிடையாது.

சுருக்கமாக: லீக்கின் அனுமதி, அணியின் வேலை, விருதும் கொண்டாட்டமும் மூன்றும் மூன்று விஷயங்கள். முதல் இரண்டை ஏற்றுக்கொள்பவர் மூன்றாவதை எதிர்த்தால், அதில் எந்த முரண்பாடும் இல்லை.

## நாய்களுக்குக் கிடைத்த வாய்ப்பு

இந்த வழக்கில் எனக்கு மிக முக்கியமாகப் படும் பகுதி இது. வீரருக்கு வாய்ப்பு கொடுப்பதா என்று நாடே பேசிக்கொண்டிருந்தபோது, நாய்களுக்கு வாய்ப்பு கொடுப்பதா என்று கிட்டத்தட்ட யாருமே கேட்கவில்லை.

அதுவரை சண்டைத் தொழிலிலிருந்து பிடிபடும் நாய்களைப் பொதுவாகக் கருணைக் கொலை செய்துவிடுவார்கள், அதாவது ஊசி போட்டு வலியில்லாமல் கொன்றுவிடுவார்கள். வழக்கு முடியும்வரை அவை சாட்சிப் பொருள். முடிந்ததும் ஆபத்தான பொருள். விக்கின் நாய்களையும் அப்படியே செய்துவிடலாம் என்றுதான் பெரிய விலங்குநல அமைப்புகள் சிலவே முதலில் சொன்னன. இவை இனித் திருந்தாது என்பது அவர்கள் முடிவு. விக் திருந்துவாரா என்று விவாதிக்க ஆயிரம் பேர் இருந்தார்கள். கட்டிவைத்து அடிக்கப்பட்ட அந்த நாய்கள் என்ன குற்றம் செய்தன என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த முறை நீதிமன்றம் வேறு வழியில் போனது. விலங்கு நடத்தை வல்லுநர்கள் நாய்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். மனிதர் தொட்டால் என்ன செய்கிறது, சாப்பாட்டுத் தட்டை நகர்த்தினால் எப்படி, இன்னொரு நாயைக் காட்டினால் எப்படி என்று தனித்தனியாகப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் ஒரே கூட்டமாகத் தீர்ப்புச் சொல்லாமல், ஒவ்வோர் உயிரையும் தனியாகப் பார்த்தது அதுவரை இந்த அளவில் நடக்காத காரியம். ரெபெக்கா ஹஸ் என்ற சட்டப் பேராசிரியரை நாய்களின் எதிர்காலத்தைக் கவனிக்க நீதிமன்றம் நியமித்தது. சோதித்த 49 நாய்களில் ஒன்று மூர்க்கத்தாலும் ஒன்று நோயாலும் கருணைக் கொலைக்குப் பரிந்துரைக்கப்பட்டன. மற்ற 47 நாய்கள் உயிர் பிழைத்தன.

அவற்றில் 22 நாய்கள் யூட்டா மாநிலத்தில் பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் என்ற விலங்குக் காப்பகத்துக்குப் போயின. மற்றவை பல மீட்பு அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஜார்ஜியா என்ற பெண் நாய் வந்தபோது அதன் வாயில் ஒரு பல்கூட இல்லை, எல்லாவற்றையும் பிடுங்கியிருந்தார்கள். லூகஸ் என்ற நாய் பல சண்டைகளில் ஜெயித்தது. அது ஆயுள் முழுக்கக் காப்பகத்திலேயே இருக்க வேண்டும் என்று நீதிமன்ற உத்தரவு, மனிதரிடம் அவ்வளவு பிரியமாக இருந்தும். மார்பெல்லாம் தழும்போடு வந்த ஹெக்டர் பிற்பாடு மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் போகும் ஆறுதல் நாயாகப் பயிற்சி பெற்றது. ஜானி ஜஸ்டிஸ் என்ற கறுப்பு வெள்ளை நாய் நூலகத்தில் பாயில் படுத்திருக்கும். வாசிக்கத் தயங்கும் பிள்ளைகள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகக் கதை படித்துக் காட்டுவார்கள். நாய் தப்பைத் திருத்தாது, சிரிக்காது. பிள்ளைகள் தைரியமாக வாசித்தார்கள்.

எல்லா நாய்களும் இப்படித் தேறிவிடவில்லை. பல நாய்களுக்குச் சங்கிலியும் சண்டையும் போன பிறகும் பயம் போகவில்லை. புது ஆள் வந்தால் தரையோடு தரையாக ஒட்டிப் படுத்துக்கொள்ளும். வருடக்கணக்கில் ஆட்கள் பக்கத்தில் வெறுமனே உட்கார்ந்திருந்து, கையிலிருந்து ஒரு துண்டு இறைச்சியை வாங்கவைத்து, அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மீட்டார்கள். விக் கட்டிய 9,28,073 டாலர் இந்த வேலைக்குத்தான் போனது. அவருடைய வழக்கில் 'பரிகாரம்' என்று நான் நம்பிச் சொல்லக்கூடிய ஒன்று இதுதான்.

## மன்னிப்பதற்கு ஆள் இல்லாத குற்றம்

மனிதருக்கு எதிரான குற்றத்தில், பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மன்னிக்கலாம், விரும்பாவிட்டால் மறுக்கலாம். இரண்டுக்கும் அவருக்கு முழு உரிமை உண்டு. விலங்குக்கு அந்த வழி கிடையாது. ஆகவே வீரர் ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்கிறார், ஸ்பான்ஸர்களிடம் கேட்கிறார், அணியிடம் கேட்கிறார். "மன்னிச்சிட்டோம்" என்று நாமும் சொல்லிவிடுகிறோம். நமக்கு அவர் செய்தது ஏமாற்றம் மட்டுமே. அந்த ஏமாற்றத்தை மன்னிக்கலாம். நாய் பட்டதை மன்னிக்க நமக்கு அதிகாரம் ஏது?

மன்னிப்பை அளவுகோலாக வைக்க முடியாது என்றால், வேறு எதை வைத்து மனம் மாறியதைக் கணிப்பது? கண்ணீரை வைத்துக் கணிக்க முடியாது. கேமரா முன்னால் அழுவதை வழக்கறிஞரே சொல்லிக்கொடுப்பார். செலவையும் சிரமத்தையும் பார்க்க வேண்டும். உண்மையைத் தானாகச் சொன்னாரா, சிக்கிய பிறகு துண்டு துண்டாகச் சொன்னாரா? விக் இந்தக் கேள்வியில் தேறவில்லை என்பதை நீதிபதியே பதிவு செய்திருக்கிறார். கேமரா போன பிறகும் வேலை தொடர்ந்ததா? இதில் அவர் பக்கம் சொல்ல விஷயம் இருக்கிறது. அமெரிக்க மனிதநேயச் சங்கம் என்ற விலங்குநல அமைப்போடு சேர்ந்து, நாய்ச் சண்டை சகஜமாக நடக்கும் ஏழைப் பகுதிகளுக்குப் போய் இளைஞர்களிடம் பேசினார். 2011இல் வாஷிங்டனுக்குப் போய், விலங்குச் சண்டையை வேடிக்கை பார்ப்பதையும் குற்றமாக்கும் மசோதாவுக்கு ஆதரவாகப் பேசினார். 2014இல் அது சட்டமானது. இன்று அமெரிக்காவில் அப்படிப்பட்ட சண்டையைப் பார்க்கப் போவதே மத்திய அரசின் சட்டப்படி குற்றம்.

பீட்டா அமைப்பு அவரோடு கைகோக்க மறுத்துவிட்டது. அவருடைய மனமாற்றத்தை அவர்கள் நம்பவில்லை. எனக்கு இரண்டு தரப்பின் நிலையும் புரிகிறது. ஆனால் ஒன்றை யோசிக்கிறேன். விலங்குநல ஆர்வலர் சொன்னால் காது கொடுக்காத ஒரு பதினாறு வயதுப் பையன், விக் சொன்னால் கேட்டிருப்பான். அந்தப் பையனின் வீட்டுப் பின்புறம் கட்டியிருக்கும் நாய்க்கு, விக்கின் மனசாட்சி உண்மையானதா நடிப்பா என்பது பெரிய விஷயமில்லை.

## சமையலறைப் பூனை, இங்கிலாந்துச் சட்டம்

இன்னொரு வழக்கை விரைவாகப் பார்த்துவிடலாம். 2022 பிப்ரவரியில், இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம் கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரர் கர்ட் ஸூமா, தன் வீட்டுச் சமையலறையில் பூனையைக் காலால் உதைத்து, செருப்பை எடுத்து எறிந்த வீடியோ வெளியானது. படம் பிடித்தது அவருடைய தம்பி. வீடியோ பரவிய மறுநாளே அணி அவரை ஆட்டத்தில் இறக்கியது. சொந்த ரசிகர்களே கூச்சல் போட்டார்கள். அணி 2,50,000 பவுண்டு அபராதம் போட்டது, பணம் விலங்குநல அமைப்புகளுக்குப் போனது. அடிடாஸ் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. ஜூன் மாதம் நீதிமன்றம் 180 மணிநேரச் சமூக சேவையும், 5 ஆண்டு பூனை வளர்க்கத் தடையும் விதித்தது. அடுத்த ஆண்டே அவர் அணியின் கேப்டன் ஆனார்.

அளவில் இது விக் வழக்கின் பக்கத்தில்கூட வராது. ஆனால் ஒரு வகையில் இங்கிலாந்து நீதிமன்றம் சரியான இடத்தில் கை வைத்தது என்று நினைக்கிறேன். ஸூமாவுக்கு விலங்கு வதை என்ற பெயரிலேயே தண்டனை கிடைத்தது. அங்குள்ள 2006ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டப்படி, விலங்கு வளர்க்கும் தடையை எத்தனை ஆண்டுக்கு வேண்டுமானாலும் நீதிமன்றம் போடலாம். ஆட்டம் ஆடுவதைப் பற்றிப் பேசவில்லை, பூனையைப் பற்றிப் பேசியது. பிழை செய்தது அணிதான்: மறுநாளே இறக்கியதன் மூலம், இது எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை என்று சொல்லிவிட்டது. வாய்ப்பு கொடுப்பதில் 'எப்போது' என்பதும் ஒரு பாதி. குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன்பே தருவது வாய்ப்பு ஆகாது, கண்ணை மூடிக்கொள்வது.

## நாய் பிஸ்கட் பெட்டி

2012 அக்டோபரில் விக் தன் மகளோடு இருக்கும் ஒரு படத்தை ட்விட்டரில் போட்டார். மேசை மேல் ஒரு நாய் பிஸ்கட் பெட்டி இருந்தது. ஆட்கள் கவனித்துவிட்டார்கள், படம் நீக்கப்பட்டது. பிறகு, ஆமாம், பிள்ளைகளுக்காக வீட்டில் ஒரு நாய் வளர்க்கிறோம் என்று ஒப்புக்கொண்டார். மூன்று ஆண்டு மேற்பார்வைக் காலம் முடிந்திருந்தது. சட்டப்படி ஒரு தவறும் இல்லை.

கேள்வியைக் கலந்துகட்டிக் கேட்பவர்கள் இதிலும் குழம்பினார்கள். ஆட விட்டோமே, நாய் வளர்க்க விட்டால் என்ன என்று ஒரு சாரார். இவர் ஆடவே கூடாது என்று நான் அன்றே சொன்னேன் என்று மறு சாரார். பிரித்துப் பார்த்தால் பதில் அவ்வளவு கடினம் இல்லை. அவர் ஆடியதை நான் ஏற்கிறேன். ஓய்வுக்குப் பிறகு, 2024 டிசம்பரில் நார்ஃபோக் ஸ்டேட் பல்கலைக்கழகம் அவரைக் கால்பந்துத் தலைமைப் பயிற்சியாளராக நியமித்ததையும் ஏற்கிறேன். அதே வர்ஜீனியாவில், வழி தவறக்கூடிய வயதில் இருக்கும் பையன்களுக்குச் சொல்ல அவரிடம் விஷயம் இருக்கிறது. நாயை மட்டும் ஏற்க மாட்டேன். அந்தத் தடை ஆயுளுக்கும் இருந்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஏமாற்றம்தான், அவர்கள் ஒரு தவறும் செய்யவில்லை. ஆனால் விக் திருந்தினாரா என்பதைச் சோதித்துப் பார்க்க இன்னொரு நாயைப் பயன்படுத்தக் கூடாது.